பெயரேடு கற்பித்த பாடம்

நம் சங்கத்தின் வைரவிழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் பெயரேடு ஒன்றைக் கணினியில் அமைத்துத் தருமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். கொழும்பிலே மென்பொருள் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அஃதொரு பெரும் பணியாகத் தோன்றவில்லை. இரண்டு வார விடுமுறை நாட்களில் முடித்துவிடலாம் என இறுமாந்திருந்தேன். அவ்விறுமாப்பு அடங்கிய வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தேன்.

பைதன் மொழியில் அமைந்த ஜாங்கோ என்னும் வலைச் சட்டகத்தை இப்பணிக்குக் கருவியாகக் கொண்டேன். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரில், ஒரு செய்திப் பத்திரிகையின் அலுவலகத்திலே உருவாகி, 2005 ஆம் ஆண்டில் யாவர்க்கும் இலவசமாக வழங்கப்பட்டது அது. அதன் அடியில் இருந்து பணிபுரியும் தரவுத்தளமோ, ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞர் எட்கர் கொட் 1970 இல் வெளியிட்ட கொள்கையின் வழிவந்தது. ஒருவரைப் பற்றிய செய்திகள் யாவற்றையும் ஒரே ஏட்டில் திணியாது, வகைக்கோர் அட்டவணை வகுத்து, அவற்றைப் பொதுவான எண்களால் தொடர்புபடுத்தலாம் என்பது அவர் காட்டிய நெறி.

அந்நெறிப்படி மாணவர்க்கு ஓர் அட்டவணையும் முகவரிகளுக்கு மற்றோர் அட்டவணையும் வகுத்தேன். ஒவ்வொரு முகவரிப் பதிவிலும் அதற்குரிய மாணவரின் எண் குறிக்கப்பட்டிருக்கும். இதனை அந்நியச் சாவி என்பர். முகவரி தன் மாணவரை அறியும். மாணவரின் பதிவிலோ முகவரியைப் பற்றிய குறிப்பே இராது. யான் இடறிய இடம் இதுதான்.

முதலில் மாணவர் அனைவரையும் அழைத்து, ஒவ்வொருவரிடமும் அவர்தம் முகவரியை வினவுமாறு நிரல் எழுதினேன். பத்துப் பெயர்களை இட்டுச் சோதித்தபோது கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வந்தது. அறுநூறு பெயர்களை இட்டபோதோ பக்கம் திறவாது மயங்கி நின்றது. ஆராய்ந்து பார்த்தால், பெயர்ப் பட்டியலுக்கு ஒரு வினவல், பின்னர் ஆளுக்கொரு வினவலாக 601 வினவல்கள் தரவுத்தளத்தைச் சென்றடைந்திருந்தன! கந்தோர்ப் பியூன் ஒருவனை ஒவ்வொரு கோவைக்கும் தனித்தனியே அறுநூறு முறை பதிவறைக்கு ஓடவிட்டது போன்ற செயல் அது.

இதனைத் திருத்த எண்ணி, முகவரி அட்டவணையிலிருந்து தொடங்கினேன். ‘செலக்ட் ரிலேற்றட்’ என்னும் கட்டளையை அதனோடு சேர்த்தால், முகவரியும் அதற்குரிய மாணவரும் ஒரே வினவலில் இணைந்து வருவர். பக்கம் நொடியில் திறந்தது. மகிழ்ச்சியோடு அச்சிட்டு, எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியரின் இல்லத்திற்கு எடுத்துச் சென்றேன்.

கண்ணாடியை அணிந்துகொண்டு 1994 ஆம் ஆண்டு உயர்தர வகுப்பின் பட்டியலை விரலால் எண்ணினார் ஆசிரியர்.

“தம்பி, உங்கள் வகுப்பில் 34 பேர். இங்கே 31 பெயர்தான் இருக்கின்றது. அதிலும் ஒருவன் பெயர் இரண்டு தரம் வந்திருக்கின்றது. மற்ற நால்வரும் எங்கே?” என்றார்.

இருமுறை வந்தவருக்கு ரொறன்ரோவில் ஒன்றும் ஊரில் ஒன்றுமாக இரு முகவரிகள். விடுபட்ட நால்வருக்கோ முகவரியே இல்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின்னர் அவர்கள் எங்குச் சென்றனர் என்பதை எவரும் எமக்கு எழுதவில்லை. முகவரியிலிருந்து தொடங்கியவன் முகவரியற்றோரை எவ்வாறு காண்பான்? அந்நால்வருள் ஒருவன் இரண்டாண்டு என் பக்கத்தில் ஒரே வாங்கில் அமர்ந்திருந்தவன். அவன் பெயர் இல்லாததை யான் கவனிக்கவில்லை. எண்பது வயதைக் கடந்த ஆசிரியர் கவனித்தார். அன்று நாணித் தலைகுனிந்தேன்.

அன்றிரவே நிரலை மாற்றினேன். மீண்டும் மாணவரிலிருந்தே தொடங்கி, ‘பிரிஃபெச் ரிலேற்றட்’ என்னும் கட்டளையைச் சேர்த்தேன். அது முதலாம் வினவலில் மாணவர் யாவரையும் பெறும்; அவர்தம் எண்களையெல்லாம் ஒருங்கே கொடுத்து, இரண்டாம் வினவலில் முகவரிகளைப் பெறும்; பின்னர் உரியவரோடு உரியதைப் பொருத்தும். 601 வினவல்கள் இரண்டாய்ச் சுருங்கின. இரு முகவரி உடையவர் ஒருமுறையே வந்தார். முகவரி அற்றவரும் தம் இடத்தில் வந்து நின்றார். விரைவை மட்டும் நாடியபோது விடை குறைந்தது. யாரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை உணர்ந்தபோது விரைவும் நிறைவும் ஒருங்கே வாய்த்தன.

பெயரேடு இப்பொழுது நிறைவுற்றுள்ளது. அதிலே சில பெயர்களுக்கு எதிரே வெற்றிடம் காணப்படும். அஃது அச்சுப் பிழையன்று. அவர்களுள் எவரையேனும் அறிந்த அன்பர்கள் சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதுவார்களாயின், அந்த இடத்தை நிரப்ப யான் என்றும் ஆயத்தமாயிருப்பேன்.