பெல்லட் ஸ்டவ் படுத்திய பாடு

வெர்மான்ட் மாதிரி குளிர் ஊர்ல குடித்தனம் நடத்துற மக்களுக்கு பெல்லட் ஸ்டவ் பத்தி நான் சொல்லத் தேவையில்லை. மத்தவங்களுக்காக ஒரு சின்ன முன்னோட்டம். மரத்தூளை அழுத்தி, பார்க்க கோழித்தீவனம் மாதிரியே செஞ்ச குட்டிக் குச்சிகள்தான் பெல்லட். 40 பவுண்டு மூட்டையா விப்பாங்க. ஸ்டவ் மேல இருக்கிற பெட்டியில கொட்டினா, திருகாணி மாதிரி சுத்துற தண்டு ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா எரியிற கிண்ணத்துல தள்ளிவிடும். அந்தத் தண்டுக்குப் பேரு ஆகர். புகையை வெளிய இழுக்க ஒரு ஃபேன், சூட்டை ஹாலுக்குள்ள ஊத இன்னொரு ஃபேன், எல்லாத்தையும் மேய்க்க ஒரு சர்க்யூட் போர்டு. அவ்ளோதான்.

2025 ஜனவரியில எங்க வாடகை வீட்டு ஸ்டவ் ஒரு புது வேலை ஆரம்பிச்சது. ஜம்முனு எரிஞ்சிட்டே இருக்கும், பொசுக்குனு நின்னுடும். திரும்ப ஆன் பண்ணினா அரை மணி நேரம். மறுபடி அவுட். வெளிய மைனஸ் 18 டிகிரி, உள்ள ஏழு மாசக் குழந்தை. ரிப்பேர்காரர் வர நாலு நாள் ஆகும்னுட்டார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். "வேக்யூம் சுவிட்ச்தான் கட் பண்ணுது. அந்த ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி விட்டுடு, ஓடும்"னார். ஓடும்தான். அதுலதான் வில்லங்கமே!

புகை ஃபேன் ஒழுங்கா இழுத்தா அடுப்புக்குள்ள காத்தழுத்தம் வெளிய இருக்கிறதை விட கொஞ்சம் கம்மியா இருக்கும். அதை ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியா மோப்பம் பிடிக்கிறதுதான் அந்த சுவிட்ச். இழுப்பு குறைஞ்சா ஆகருக்குப் போற கரண்டை வெட்டிடும். பெல்லட் விழாது, தீ தானா அணையும். ஏன் வெட்டணும்? இழுப்பு இல்லாம எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளதான் வரும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குறவங்க முழிக்காமலே போயிடலாம்.

எர்ரர் வருதேன்னு டிரை-கேட்ச் போட்டு, கேட்ச்சை காலியா விடுறவனை கோட் ரிவ்யூல கும்முவோம்ல? ஒயரை முறுக்குறதும் அதே கதைதான். ஸ்டவ் 'திடீர்னு' நிக்கல, எதையோ பார்த்துட்டுத்தான் நிக்குது. எப்படி நிக்குதுன்னு கவனிச்சா காரணம் பெரும்பாலும் பிடிபடும்:

1. பத்த வெச்ச கொஞ்ச நேரத்துலயே நின்னா, போதுமான சூடு ஏறலைன்னு அர்த்தம். கிண்ணத்து ஓட்டைகளை சாம்பல் அடைச்சிருக்கும், இல்ல பெல்லட் ஈரமா இருக்கும்.
2. கொதிக்கக் கொதிக்க நின்னா, ஹாலுக்கு ஊதுற ஃபேன்ல தூசி. அதிகச் சூட்டு சுவிட்ச் வெட்டியிருக்கும்.
3. ஆகர் சுத்தியும் பெல்லட் விழலைன்னா, அடியில மரத்தூள் கெட்டியாகி அடைச்சிருக்கும்.
4. தீ நல்லா இருக்கும்போதே ஆகர் நின்னுட்டா, இழுப்புல கோளாறு.

எங்களுது நாலாவது கேஸ். அணைச்சு, நல்லா ஆறவிட்டு, பிளக்கைப் பிடுங்கிட்டு ஆரம்பிச்சேன். ரப்பர் குழாயில அடைப்பும் இல்ல, விரிசலும் இல்ல. அடுத்து கதவு. இடுக்குல ஒரு டாலர் நோட்டை வெச்சு மூடி இழுத்தேன். சுலபமா உருவிட்டு வந்தா கதவைச் சுத்தி இருக்கிற கயிறு தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். வரலை, கெட்டியா பிடிச்சுது. மிச்சம் இருந்தது புகைக்குழாய். வெளிய போய், சுவரை ஒட்டி குழாய் மேல திரும்புற இடத்துல அடிமூடியைக் கழட்டினேன். பொலபொலன்னு கொட்டுச்சு பாருங்க சாம்பல், ஒரு சின்ன வாளி நிறைய! எத்தனை வருஷத்து சேமிப்போ தெரியல. பிரஷ் விட்டு நல்லாத் தேய்ச்சு மூடிட்டு, கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்துட்டு பத்த வெச்சேன். விடிய விடிய எரிஞ்சுது.

ஒரு டன், அதாவது 50 மூட்டை எரிஞ்சா ஒரு தடவை அந்த மூடியைத் திறந்து பார்த்துடுங்க. காலண்டர்ல குறிச்சு வெச்சாச்சு.

டிஸ்கி: சாம்பல் எடுக்க வீடு கூட்டுற சாதா வேக்யூம் கிளீனர் வேணாம். உள்ள ஒரு சின்ன கங்கு மிச்சம் இருந்தாலும் அதுவே தீப்பிடிச்சுக்கும். உங்க வீட்டு ஸ்டவ் வேற தினுசா படுத்தினா பின்னூட்டத்துல சொல்லுங்க, சேர்ந்து மண்டையை உடைச்சுக்கலாம் :)