சேவை இனித் தேவையில்லை

தா.பழூருக்கு நான் மாற்றலாகி வந்து மூன்று வருஷமாகிறது. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்தவன் என்று இங்கே யாரிடமும் நானாகச் சொல்லிக்கொண்டதில்லை. எப்படியோ தெரிந்துவிட்டது. பட்டாவில் தப்பாக விழுந்த பெயர், குவைத்தில் இறந்துபோனவரின் சம்பள பாக்கி, தவணை தப்பிய கல்விக் கடன் என்று இந்த மூன்று வருஷத்தில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் எழுதிய மனுக்கள் எழுதிய கட்டுரைகளைவிட அதிகம். அவற்றைப் படித்தவர்களும் அதிகமாகவே இருக்கக்கூடும்.

இப்படி எழுதிய மனுக்களில் ஒன்றுதான் என்னைத் தோற்கடித்தது.

அந்த மனுவைக் கேட்டவரை ஊரில் 'நேவிக்காரர்' என்பார்கள். வயது அறுபத்தெட்டு. கொள்ளிடக் கரையோரம் ஒரு கிராமம், ஒன்றரை ஏக்கர் நஞ்சை. கப்பலின் என்ஜின் அறையில் ஒன்பது வருஷம் நின்றவர் என்பதால் காது மந்தம். எல்லோரும் அந்த இரைச்சலுக்குள்ளேயே நிற்பதாக நினைத்துக்கொண்டுதான் பேசுவார். பாஸ்புக் போட வந்தால் அவருடைய இருப்பு எவ்வளவு என்பது வெளியே டீக்கடைக்கும் தெரிந்துவிடும். அன்றைக்கு மட்டும் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, 'சார், சாயங்காலம் கொஞ்சம் நேரம் கிடைக்குமா?' என்று மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கதவோரம் நின்ற காவலரைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் காவலர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். ஊரில் எந்த முன்னாள் சிப்பாய் உள்ளே வந்தாலும் எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம் என்று ஹிந்தியில் விசாரிக்காமல் விடமாட்டார். நேவிக்காரர் மட்டும் அவரிடம் பிடிகொடுக்காமல் நழுவிவிடுவதை நானும் கவனித்திருக்கிறேன். காது கேட்காததனால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவர் எடுத்து வந்தது ஒரு சர்வீஸ் புத்தகம். பிளாஸ்டிக் உறைக்குள் மஞ்சள் துணி, துணிக்குள் புத்தகம். 1975ல் சேர்ந்திருக்கிறார். விசாகப்பட்டினத்தில் ஆரம்பப் பயிற்சி. பிறகு கப்பல் என்ஜினைப் பற்றிப் படிக்க லோனாவலா. கப்பல் என்ஜினைக் கற்றுக்கொடுக்கிற பள்ளியைக் கடற்படை மலைமேல் வைத்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வருஷத்துக்கு ஒரு வரியாக நடத்தை பற்றிய குறிப்பு: மிக நன்று, மிக நன்று, மிக நன்று. 1981ல் ஒரு சறுக்கல். மறுபடியும் மிக நன்று. 1984ல் கடைசி வரி. நான் வாசிப்பதற்கு முன் அவரே சொன்னார்: 'சர்வீசஸ் நோ லாங்கர் ரெக்வயர்ட்.' ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, உச்சரிப்புப் பிசகாமல். நாற்பது வருஷமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கும் வாக்கியம் என்பது கேட்கும்போதே தெரிந்தது.

சேவை இனித் தேவையில்லை. வாக்கியங்களைப் பிரித்துப் பார்ப்பது என் தொழிலில்லை என்றாலும் வியாதி. யாருக்குத் தேவையில்லை? அதைச் சொல்ல வாக்கியத்தில் ஆளில்லை. குற்றம் என்ன? அதுவும் இல்லை. 1957ஆம் வருஷக் கடற்படைச் சட்டத்தில் 'இழிவோடு நீக்கம்' என்று ஒரு தண்டனை இருக்கிறது. அது கொடூரமான சொல், ஆனால் நேர்மையான சொல். குற்றச்சாட்டு, விசாரணை, எதிர்வாதம் எல்லாம் நடந்த பிறகே அந்தச் சொல்லை ஒருவன் மேல் எழுத முடியும். இந்த நான்கு சொற்களுக்கு அந்தச் சிரமமில்லை. நிர்வாக உத்தரவே போதும். வீட்டுக்கு வந்தவரிடம் 'சரி, அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லிக் கதவைச் சாத்துகிற மாதிரியான மரியாதை.

மரியாதையான அந்தச் சொல் செய்த காரியங்களும் உண்டு. அரசாங்க விதிகளின்படி நடத்தைக் கேட்டுக்காகவோ திறமைக் குறைவுக்காகவோ வெளியேற்றப்பட்டவன் 'முன்னாள் படைவீரர்' ஆகமாட்டான். அடையாள அட்டை கிடையாது. நல அலுவலகம் கிடையாது. பொதுத்துறை வங்கிகளின் குமாஸ்தா வேலைகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 14.5 சதவிகிதம் ஒதுக்கியிருக்கிறார்கள். கடைசி வரி வேறாக இருந்திருந்தால் அவர் 1985 வாக்கில் எனக்கு சீனியராக இப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்து, ஓய்வுபெற்றும் போயிருப்பார். இதை நான்தான் சொன்னேன். அவர் சிரித்தார். 'அதெல்லாம் போவட்டும் சார். பேரன் அக்னிவீருக்கு எழுதிப் போட்டிருக்கான், நேவிக்கு. தாத்தா உன் புக்கைக் காட்டுங்கறான்.'

2022ல் கொண்டுவந்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் நாலில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்ற மூவருடைய சேவை இனித் தேவையில்லை என்பது சேரும்போதே முடிவாகிவிட்ட விஷயம். ஆனால் அவர்கள் காகிதத்தில் யாரும் அப்படி எழுதமாட்டார்கள். கையில் ஒரு தொகையும் ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்புவார்கள். பேரன் அப்படித் திரும்பி வந்தால் தாத்தாவைவிட நல்ல காகிதத்தோடு வருவான்.

அவருக்குப் பணம் தேவையில்லை. சாதாரண ஓய்வூதியத்துக்குப் பதினைந்து வருஷ சேவை வேண்டும்; அவருடையது ஒன்பது. அது அவருக்குத் தெரியும். அந்தக் கடைசி வரியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

வேலையை ஏற்றுக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். படிப்பது என் பலவீனம். மனு எழுதுவதற்குப் பதிலாக மனுக்களின் சரித்திரத்துக்குள் போய்விட்டேன். அமெரிக்காவில் இது ஒரு தனித் துறையாகவே இருக்கிறது. அங்கே மரைன் படையிலிருந்து வெளியே வருகிறவனுடைய காகிதத்துக்குப் படித்தரங்கள் உண்டு: கௌரவமானது, பொதுவானது, கௌரவமானதல்லாதது, கெட்ட நடத்தை, அவமானம். 1947 வரை நீல நிறத் தாளில் ஒன்று கொடுத்துவந்தார்கள். கௌரவமும் இல்லை, அவமானமும் இல்லை என்று அதற்குப் பெயர். கறுப்பர்களுக்கும் ஓரினச் சேர்க்கையாளர்களுக்கும் அதைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள். எழுதியதைப் படிக்கவே வேண்டாம், நிறத்தைப் பார்த்தே வேலை இல்லை என்று சொல்லிவிடலாம். தரத்தை உயர்த்தக் கேட்டு மறுபரிசீலனைக் குழுவுக்கு எழுதப் பதினைந்து வருஷ அவகாசம். அது தாண்டினால் பதிவுகளைத் திருத்துவதற்கென்று இன்னொரு குழு. வியட்நாம் போரில் மனம் சிதைந்து அதனால் தப்பு செய்தவர்களின் மனுக்களைத் தாராள மனத்தோடு பாருங்கள் என்று 2014ல் அவர்களுடைய பாதுகாப்புச் செயலர் உத்தரவு போட்டார். யுத்தம் முடிந்து முப்பத்தொன்பது வருஷம் கழித்து.

நம் ஊரில் இதற்குச் சமமான பெரிய உதாரணம் 1946. பிப்ரவரி 18ஆம் தேதி பம்பாயில் 'தல்வார்' என்ற கடற்படைப் பள்ளியில் சாப்பாட்டில் ஆரம்பித்த வேலைநிறுத்தம் இரண்டொரு நாளில் கராச்சி, கல்கத்தா, சென்னை என்று பரவியது. சென்னையில் 'அடையாறு' தளத்து மாலுமிகளும் சேர்ந்துகொண்டார்கள். படேல் சொன்னதை நம்பி 23ஆம் தேதி சரணடைந்தார்கள். பழிவாங்கல் இருக்காது என்று தலைவர்கள் சொல்லியிருந்தார்கள். இருந்தது, நூற்றுக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த வருஷம் சுதந்திரம் வந்தது. இந்தியக் கடற்படையும் அவர்களைத் திரும்ப எடுக்கவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் எடுக்கவில்லை. ஒழுங்கு மீறியவன் எந்தக் கொடியின் கீழும் ஒழுங்கு மீறியவன்தான் என்பதில் இரண்டு தேசங்களுக்கும் அபூர்வமான ஒற்றுமை. அவர்களில் ஒருவரான பி.சி. தத் பத்திரிகைக்காரராகி, 1971ல் அந்த நாட்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1972ல் வந்த தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில் கடற்படை எழுச்சியும் அங்கீகரிக்கப்பட்ட போராட்டங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. கடற்படை நீக்கியவர்களை உள்துறை அமைச்சகம் தியாகி ஆக்கியது. பிற்பாடு கடற்படை தன்னுடைய இழுவைப் படகுகளில் ஒன்றுக்கு தத்தின் பெயரையும் இன்னொன்றுக்கு அவருடைய தோழர் மதன் சிங்கின் பெயரையும் வைத்தது. போர்க்கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவந்து கட்டுகிற படகுகள். இதில் கேலி எதுவும் உத்தேசிக்கப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் என் மனுதாரர் 1946ஐச் சேர்ந்தவரல்ல. அவர் எந்த அரசாங்கத்தையும் எதிர்க்கவில்லை. லீவில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. முதல் தடவை, 1981ல், இருபத்தொரு நாள், தண்டனை அனுபவித்தார். இரண்டாவது தடவை நாற்பத்து மூன்று நாள். சரித்திரம் இவரைக் கைதூக்கிவிடப் போவதில்லை. மனுதான் தூக்கிவிட வேண்டும்.

சட்டம் ஓரளவு சாதகமாகத்தான் இருந்தது. 2007ஆம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் ஒரு கிளை இருக்கிறது. சிவப்பு மைக் குறிப்பு நான்கு சேர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒரு சிப்பாயை யந்திரம்போல் வெளியே தள்ளக்கூடாது, அவன் எத்தனை வருஷம் எங்கெங்கே எப்படி வேலை பார்த்தான் என்பதையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015ல் ஒரு ராணுவ வழக்கில் சொல்லியிருக்கிறது. தடை, காலம். உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மன்னிப்பார்கள். ஓய்வூதிய வழக்காக இருந்தால் வேறு வழியும் உண்டு. 2008ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஓய்வூதியம் மறுக்கப்படுவது தொடரும் தவறு, மாதம் பிறந்தால் அந்தத் தவறும் புதிதாகப் பிறக்கிறது, ஆகவே தாமதமாக வந்தாலும் கேட்கலாம், பழைய பாக்கியில் மூன்று வருஷத்துக்குரியது கிடைக்கும்.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். பணம் வராமலிருப்பது மாதா மாதம் நடக்கிறது. சொல்லோ 1984ல் ஒரே ஒரு தடவை எழுதப்பட்டது. மை அன்றே காய்ந்துவிட்டது. சட்டத்தின் பார்வை இது. பதினைந்து வருஷமாக நான் கவிதையைப் பற்றி எழுதி வந்திருப்பது இதற்கு நேர்மாறானது. எழுத்து எழுதப்பட்ட அன்று முடிந்துவிடுவதில்லை, ஒவ்வொரு வாசிப்பிலும் மறுபடி நிகழ்கிறது என்று திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஆதாரமாக நான் காட்டியவையெல்லாம் சங்கப் பாடல்களும் புதுக்கவிதைகளும். பேரன் புத்தகத்தைக் கேட்டபோது, காவலர் ஹிந்தியில் வருஷத்தை விசாரித்தபோது, நாற்பது வருஷத்துக்கு முந்திய வரி அந்த க்ஷணத்தில் எழுதப்பட்டதுபோல் அவர் மேல் விழுந்தது. என் கட்சிக்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குக் கிடைத்ததில்லை.

பக்கத்து ஸ்ரீபுரந்தானில் பெருமாளோ சிவனோ யாரைக் கேட்டாலும் காகிதத்தைப் பற்றிச் சொல்வார்கள். அங்கிருந்து திருடுபோன நடராஜருக்கு எவனோ பொய்யான பூர்வீகச் சான்றுகள் செய்துகொடுத்தான். அவற்றோடு ஆஸ்திரேலியக் கலைக்கூடத்தில் சில வருஷம் நின்றார். காகிதம் பொய் என்று நிரூபித்து 2014ல் திருப்பிக் கொண்டுவந்தார்கள். காகிதம் திருந்தினால்தான் கடவுளே திரும்ப முடிகிறது.

நானும் ஒரு பொய்க் காகிதம்தான் செய்தேன். 'தகுந்த காரணம்' வேண்டுமே. தாயாரின் கடும் நோய், ஒரே மகன், தந்தி வசதியில்லாத கிராமம், கொள்ளிடத்தில் வெள்ளம், படிப்பறிவின்மையால் தாமதம் என்று நாலு பக்கம். ஆங்கிலம் நன்றாக வந்திருந்தது. தாயார் கண் மூடுகிற பாராவில் நானே கொஞ்சம் கலங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மிகையுணர்ச்சி என்று எத்தனை பேருடைய கதைகளைக் கிழித்திருப்பேன்!

தமிழில் வாசித்துக் காட்டினேன், உரக்க. கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

'எங்கம்மா அப்ப நல்லாத்தான் சார் இருந்துச்சு. செத்தது எண்பத்தொம்பதுல.'

அப்படி எழுதினால்தான் கேட்பார்கள் என்றேன். உண்மையான காரணம் என்ன, அதையே எழுதலாம் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார்.

'போகப் புடிக்கல. நடவு முடிஞ்சு பச்சை கட்டியிருந்துச்சு. தெனம் ஆத்தங்கரையில போய் உக்காந்திருந்தேன். நாளைக்குப் போவலாம், நாளைக்குப் போவலாம்னு. நாப்பத்து மூணு நாள் ஆயிடுச்சு. தப்புதான். தண்டனை குடுத்திருக்கலாம். ஜெயில்ல போட்டிருந்தாக்கூட இருந்திருப்பேன். தேவையில்லைன்னு எழுதக்கூடாது தம்பி. ஒன்பது வருசம் தேவைப்பட்டுச்சுல்ல?'

அதுவரை சார் என்று கூப்பிட்டவர் முதல்முறையாகத் தம்பி என்றார்.

நாலு பக்கத்தையும் கிழித்தேன். மும்பை மான்குர்தில் இருக்கும் மாலுமிகள் பீரோவுக்கு எழுதிய புதிய மனு பதினோரு வரி. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை என்ஜின் அறையில் வேலை பார்த்தேன். இரண்டு தடவை லீவு முடிந்து திரும்பவில்லை. காரணம் எதுவும் சொல்வதற்கில்லை. பண உதவி எதுவும் கேட்கவில்லை. கடைசி வரி மட்டும் உண்மைக்கு மாறாக இருப்பதால் அதற்குப் பதிலாக நடந்ததை நடந்தபடி எழுதித் தரக் கோருகிறேன். இந்த மனு சட்டப்படி நிற்காது என்று அவரிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டேன். தலையாட்டினார். கேட்டதா என்று தெரியவில்லை.

மறுநாள் தபாலாபீசிலிருந்து நேராக பாங்குக்கு வந்தார். ஸ்பீட் போஸ்ட் ரசீதை என்னிடம் காட்டிவிட்டு சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்து, மஞ்சள் துணியில் சுற்றினார். வெளியே போகும்போது காவலர் வழக்கம்போல் ஏதோ கேட்டார். அவர் நின்றார். 'செவன்ட்டி ஃபைவ் டு எய்ட்டி ஃபோர்' என்று அவர் சொன்னது டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஐந்து மாதமாகிறது. பதில் இன்னும் வரவில்லை.