வேகத்துக்கு முன் விதி

தர்மபுரி வட்டாரத்து அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துத் தருவது என் தொழில். பாலக்கோடானாலும் அரூரானாலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. “கணக்குப் பிரிவு, கேமரா, வெளியாட்கள் வைஃபை மூணையும் தனித்தனி வீலேனா பிரிக்கணும். ஆனா ஒண்ணுக்கொண்ணு பேசவும் வேணும். எந்த ஸ்விட்ச் சார் வாங்கலாம்?”

பிரிப்பதில் சிரமமில்லை. 1998இல் வெளிவந்த 802.1க்யூ தரத்தின்படி, டிரங்க் லைனில் போகும் ஃப்ரேமில் 4 பைட் குறியொன்று ஏறுகிறது. அதில் 12 பிட் வீலேன் எண்ணுக்கு. பிரித்தவற்றுக்கு இடையே யார் வழிவிடுவது என்பதில்தான் பணமும் பாதுகாப்பும் அடங்கியிருக்கின்றன.

ரவுட்டரிடமோ ஃபயர்வாலிடமோ அந்த வேலையைக் கொடுத்தால், தரவு ஒரே டிரங்க் லைனில் ஏறி அதே லைனில் இறங்கும். பில் போடுவதற்கும் டேலிக்கும் அது தாராளம். பேக்கப் ஓடும் நேரத்தில் கேமராப் பதிவையும் திறந்தால் திணறும். லேயர் 3 ஸ்விட்ச் இந்த வேலையைத் தன் சிப்பிலேயே முடிக்கிறது. 24 கிகாபிட் போர்ட்டும் முழு வேகத்தில் ஓட, விவரத்தாளில் 48 கிகாபிட் திறனும் நொடிக்கு 3.57 கோடி பாக்கெட் கணக்கும் இருக்க வேண்டும்.

ஆனால் விவரத்தாளைப் பார்க்குமுன் நான் ஒரு வெள்ளைத்தாளைக் கேட்பேன். யார் யாரோடு பேச வேண்டும் என்று கட்டம் போடுவேன். ஓர் அலுவலகத்தில் கணக்காளர் அம்மாவோடு உட்கார்ந்து அப்படிப் போட்டபோது, கேமராக்கள் பேசுவது அதே வீலேனில் இருக்கும் ரெக்கார்டரோடு மட்டும், வைஃபை போவது இணையத்துக்கு மட்டும் என்று தெரிந்தது. சர்வரைக் கணக்குப் பிரிவு வீலேனிலேயே வைத்ததும், குறுக்கே போவதற்குப் பிரிண்டர் வேலை மட்டுமே மிஞ்சியது. “அப்ப இருக்கிற ஃபயர்வாலே போதுமே சார்,” என்றார் அவர். போதும்தான்.

மிச்சப்பட்ட பணத்தைக் கேமராக்களுக்கு மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்சில் போட்டோம். அங்கேயும் கணக்கு வேண்டும். போர்ட்டுக்கு 15.4 வாட் என்றால் 24 போர்ட்டுக்கு 370 வாட் ஆகிறது. மொத்தத் திறன் அதில் பாதிகூட இல்லாத ஸ்விட்சுகள் சந்தையில் உண்டு. மாடிப்படிக்குக் கீழே மூடிய அலமாரியில் வைப்பதானால், எத்தனை டிகிரி வெப்பம் தாங்கும் என்பதையும் பாருங்கள். 40 டிகிரி வரம்புள்ள கருவிக்கு நம் ஊர்ச் சித்திரை வெயில் கடினம்.

சர்வர்கள் தனி வீலேனில் இருந்து, பெரிய கோப்புகள் நாள் முழுக்கக் குறுக்கே போனால் லேயர் 3 ஸ்விட்ச் அவசியமே. அப்போது ஒன்றை மறக்கக் கூடாது. வீலேன்களுக்கு ஐபி கொடுத்து ரவுட்டிங்கை இயக்கியதும், பெரும்பாலான ஸ்விட்சுகளில் எல்லாரும் எல்லாரையும் அடையலாம். பிரித்ததன் பயனே போய்விடும். தடுக்க ஆக்சஸ் லிஸ்ட் எழுத வேண்டும். ஸ்விட்சின் ஆக்சஸ் லிஸ்ட் பொதுவாக முந்தைய பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளாது. அதனால் போவதற்கும் வருவதற்கும் சேர்த்தே விதி யோசிக்க வேண்டும். ஃபயர்வால் நினைவில் வைத்திருக்கும். எனவே வெளியாட்கள் வைஃபையை எப்போதும் ஃபயர்வால் வழியாகவே விடுங்கள்.

சேலத்துக்கோ பெங்களூருக்கோ போன் போட்டு விலை கேட்கும் முன் அந்தக் கட்டத்தைப் போடுங்கள். ஒரு பிரதியை அலுவலகக் கோப்பிலும் வையுங்கள். அடுத்து வரும் பொறியாளருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.