வேலியும் வீமனும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, எதனை எழுதுவதென்று சிந்தித்தோம். கல்லூரியின் பெருமையையும் ஆசிரியப் பெருமக்களின் அருமையையும் எம்மினுஞ் சிறப்பாக எழுத வல்லார் பலருளர். அவ்வேளையில் எம் காலடியிற் படுத்திருந்த நாய் எழுந்து, உடலை முறித்து, வாயிற் கதவை ஒருமுறை நோக்கிவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டது. எழுதுதற்குரிய பொருள் கிடைத்துவிட்டது. தமிழாசிரியன் நாயைப் பற்றி எழுதுவதா என்று நகைப்பார் நகைக்க. இக்கதை முடியுமிடத்தில் நம் கல்லூரி விடுதியின் பின்மதிலும் வந்து நிற்கும்.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று, சில பாடசாலைகளிற் பணியாற்றிய பின்னர், இப்பொழுது புசல்லாவையில் வாழ்கின்றோம். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பெருந்தெருவில் உள்ளது இவ்வூர். தேயிலை மலையை ஒட்டிய சரிவில் எமது வீடு. முன்னே சிறு பூந்தோட்டம். பின்னே வெட்டி இறக்கிய மண்மேடு. நண்பர் ஒருவர் பிறநாடு செல்லும்பொழுது தாம் வளர்த்த நாயை எம்மிடம் ஒப்படைத்தார். அல்சேஷனும் வேறேதோ ஓரினமுங் கலந்த கலப்பு. நாற்பது கிலோவுக்குக் குறையாத உடம்பு. எம் பிள்ளைகள் அதற்கு வீமன் என்று பெயரிட்டனர். உணவிலும் உடலிலும் அப்பெயருக்கு அது இழுக்குச் செய்யவில்லை.

வந்த மூன்றாம் நாளே வீமன் வேலி தாண்டினான். நான்கடி உயரமான வேலியை ஆறடியாக உயர்த்தினோம். கம்பி வலையின் கண்களிற் காலை ஊன்றி, ஏணியில் ஏறுவதுபோல் ஏறிப் போனான். ஏற இயலாதவாறு தகரம் அடித்தோம். மழைநீர் ஓடும் கான் வழியாக மண்ணைத் தோண்டி அடியாற் போனான். கானின் வாயைக் கல்லால் அடைத்தோம். அதன்பின் எவ்வாறு போகின்றான் என்பதே விளங்கவில்லை. ஒருநாள் ஒளிந்திருந்து பார்த்தோம். பின்புறத்து மண்மேட்டின் மேல் ஏறி நின்று, அங்கிருந்து எம் ஆறடி வேலியைப் பார்த்தான். சமதரையில் ஆறடியாக இருக்கும் வேலி, மேட்டிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டடிதான். மலைநாட்டில் வீடு கட்டியும் இச்சிறு கணக்கை நாயிடமே கற்றோம்.

அகநானூற்றின் 122ஆம் பாட்டில், தலைவன் இரவில் வந்து தலைவியைக் காண்பதற்கு உள்ள இடையூறுகளைப் பரணர் அடுக்கிக் கூறுவார். அன்னை துஞ்சாள்; காவலர் துஞ்சார்; அவர் துஞ்சினும் வால் வலமாகச் சுருண்ட நாய் குரைக்கும் என்பார். இப்பாட்டை வகுப்பிற் பலமுறை நடத்தியிருக்கின்றோம். ஆயினும் அந்த நாயே இரவுக்குறிக்குப் புறப்பட்டுவிட்டால் ஊரார் என் செய்வர் என்பதைப் பரணரும் பாடவில்லை. யாமும் எண்ணிப் பார்த்ததில்லை.

நகைப்புக்குரியதாக இருந்த இச்செய்தி ஒருநாட் காலையில் நகைப்பை இழந்தது. எம் வீட்டைக் கடந்து செல்லும் ஒற்றையடிப் பாதையால் லயத்துப் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வர். வேலி தாண்டிய வீமன் விளையாட்டாகவே அவர்களை நோக்கி ஓடினான். ஏழு வயதுச் சிறுமியொருத்தி அஞ்சி ஓடிக் கானில் விழுந்து முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டாள். நாய் அவளைத் தீண்டவில்லை. எனினும் அன்று மாலை, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு அவளுடைய தாய் எம் வாயிலில் வந்து நின்றாள். “வாத்தியாரையா, நாங்க விடிஞ்சதும் மலைக்குப் போயிடுறோம். புள்ளைங்க தனியாத்தான் வருதுங்க. ஒங்கள நம்பித்தான் இந்தப் பாதையில அனுப்புறோம்” என்றாள். சினந்து பேசியிருந்தால் யாமும் விடை கூறியிருப்போம். அவள் சினக்கவில்லை, யாம் தலைகுனிந்தோம்.

நாய் வளர்ப்பது வளர்ப்பவனுடைய சொந்தக் காரியம் மட்டுமன்று. இந்நாட்டில் விசர்நாய்க்கடி நோய் பற்றிய கட்டளைச்சட்டம் 1893இலும், நாய்களைப் பதிவு செய்யுங் கட்டளைச்சட்டம் 1901இலும் இயற்றப்பட்டன. வீமனுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்தே வந்தோம். ஆனால், ஓடிவரும் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று ஏழு வயதுக் குழந்தை கேட்டறிய முடியுமா?

அன்றே சங்கிலி வாங்கினோம். வீமன் குரைக்கவில்லை, உண்ணவுமில்லை. சங்கிலி எட்டிய தூரமளவும் வட்டமாக நடந்து நடந்து, புல் தேய்ந்து, தரையில் ஒரு மண்வளையம் உண்டாயிற்று. கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த இறபேட்டு நொக்சு என்னும் ஆங்கிலேயனின் நினைவு எமக்கு வந்தது. 1660இற் பிடிபட்ட அவனைச் சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை. ஊருக்குள் வீடு கட்டிக்கொள்ளவும் வாணிகஞ் செய்யவும் விட்டனர். மலைவழிகளில் மட்டும் முட்கதவுகளும் காவலும் இருந்தன. அவனோ பத்தொன்பது ஆண்டுகளின் பின், 1679இல், வடக்கு நோக்கிக் காடுகளினூடே நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். மலையும் முள்ளும் காவலும் மனத்தை வெளியே வைத்திருப்பவனை என்றென்றைக்குந் தடுத்துவிடா.

சில நாட்களின் பின் ஓரிரவு வீமன் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு மறைந்தான். ஒருநாள் கழிந்தது, இரண்டாம் இரவும் வந்தது. சிறுத்தை உலாவும் மலை இது. சிறுத்தைக்கு நாய் எளிய இரை. விடியற்காலையில், தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் எம்மை அழைத்துச் சென்றார். தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் விளிம்பில், பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் முன்னங்கால் அகப்பட்டு வீமன் கிடந்தான். கத்திக் கத்திக் குரல் அடங்கிப் போயிருந்தது. 2020ஆம் ஆண்டு நல்லதண்ணிப் பகுதியில் இத்தகைய சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டுஞ் சில நாளில் இறந்ததை எண்ணி எம் கை நடுங்கிற்று. முதியவர் தமது மேற்சட்டையைக் கழற்றி நாயின் முகத்தை மூடி, மெல்லக் கம்பியை வெட்டினார். எலும்பு முறியவில்லை. மிருக வைத்தியர் தையலிட்டார். இன்றும் சிறிது நொண்டுவான்.

திரும்பி வரும் வழியில் முதியவர் சொன்னார்: “வாத்தியாரையா, நாய்க்கு வேலி போட்டீங்க. வேலை ஒண்ணும் போடலியே. இம்மாம் பெரிய ஒடம்ப வச்சிக்கிட்டு அது பொழுதெல்லாம் என்னதான் செய்யும்?”

வேலி, வேலை என்னும் இவ்விரு சொற்களை வைத்து யாம் எத்துணையோ சிலேடை சொல்லியிருக்கின்றோம். இவ்வளவு பொருளுடைய ஒன்றைச் சொன்னதில்லை.

வேலியைக் கைவிட்டோமல்லோம், அந்தத் தாய்க்கு யாம் கடன்பட்டவர்கள். மண்மேட்டின் உச்சிக்கே வேலியை மாற்றினோம். கம்பி வலையை ஓரடி மண்ணுள் இறக்கி உட்புறமாக மடித்துக் கல் பரப்பினோம். தோண்டும் நாய் வேலியின் அடியிலேயே தோண்டுமாதலின், அங்கே வலை தடுக்கும். வாயிலுக்கு இரட்டைக் கதவு. ஒன்றைச் சாத்திய பின்னரே மற்றது திறக்கப்படும். இரவில் அலைவதைக் குறைக்க, மிருக வைத்தியரின் சொற்படி விதைநீக்கஞ் செய்வித்தோம். இவற்றோடு, காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் வீமனைக் கயிற்றிற் பிடித்து முதியவரும் யாமும் நடக்கின்றோம். மாலையில் லயத்துப் பிள்ளைகள் பாதையைக் கடக்கும்வரை அவன் முதியவரின் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அதுவே அவனுடைய உத்தியோகம். கானில் விழுந்த சிறுமி முதல் மாதம் எட்டி நின்றாள். இப்பொழுது அவன் காதைத் தொடுகின்றாள்.

இனி விடுதி மதிலுக்கு வருவோம். பத்தாம் வகுப்பிற் படிக்கும்பொழுது இரவுப் படிப்பு முடிந்ததும் அம்மதிலை ஏறிக் குதித்துப் படம் பார்க்கச் சென்றோம். மூன்றாம் முறை அகப்பட்டோம். விடுதிப் பொறுப்பாசிரியர் பிரம்பை எடுக்கவில்லை. “தம்பி, மதிலை உயர்த்தக் காசில்லை. நாளை தொடக்கம் விடியற்காலை மணியை நீர்தான் அடிக்கவேணும். நீர் எழும்பாவிட்டால் விடுதியே எழும்பாது” என்றார். அதன்பின் யாம் மதில் ஏறவில்லை. அதனைத் தண்டனை என்றே முப்பதாண்டு எண்ணியிருந்தோம். புசல்லாவையின் ஒரு முதியவர் வந்து அதன் பொருளைச் சொல்லவேண்டியதாயிற்று.

எம் வகுப்பிலும் ஒரு மாணவன் இருக்கின்றான். தாயுந் தந்தையுங் கொழும்பில் தொழில் செய்ய, பாட்டியோடு வாழ்பவன், இடைவேளையில் மறைந்துவிடுவான். வரவுப் பதிவேட்டிற் சிவப்பு மையால் எழுதுவதன்றி வேறொன்றும் யாம் செய்ததில்லை. வீமனின் கால் ஆறிய கிழமையில், வகுப்பு நூலக அலுமாரியின் திறப்பை அவனிடங் கொடுத்தோம். இப்பொழுது அவன் பெரும்பாலும் நிற்கின்றான். எல்லா நாளுமல்லன்; அதனையும் மறைக்காது சொல்லுகின்றோம்.

அன்று எம் கையில் மணிக்கயிற்றைத் தந்த அப்பெரியாருக்கும், அவரைப் போன்றாரைத் தந்த நம் கல்லூரிக்கும் எமது வணக்கம். வீமன் வாயிலை நோக்குகின்றான், நடக்கும் நேரமாயிற்று.