ஆதிலாபாத்தில் நிற்கிற வண்டி

செவ்வாய்

வண்டி ஆதிலாபாத்தில் நிற்கிறது. உள்ளே ஜவ்வரிசி லோடு. ஆடி அமாவாசை கழிந்தால் மகாராஷ்டிரத்தில் சிராவணம் பிறந்துவிடும், விரதக்காரர்கள் வீட்டிலெல்லாம் சாபுதானா கிச்சடிதான். அதற்குள் நாக்பூரில் இறக்கியாக வேண்டும். "கீச்சு கீச்சுனு கத்துது கண்ணு. பெல்ட்டு இல்ல, பேரிங்கு" என்கிறார் வீட்டுக்காரர் போனில். எப்படித் தெரியும் என்றேன். ஓடுகிற பெல்ட்டின் மேல் தண்ணீர் தெளித்தாராம். பெல்ட் கத்தினால் நனைந்ததும் சத்தம் மாறும். மாறவில்லை. பிறகு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை டைனமோ, வாட்டர் பம்பு, டென்ஷனர் என்று ஒவ்வொன்றாக வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டிருக்கிறார். டென்ஷனரிலும் பக்கத்துப் புல்லியிலும் மணலை அரைக்கிற மாதிரி இருந்ததாம்.

"பெல்ட்டு அறுந்தா பிரேக்குக்குக் காத்து வருமாங்க?" இதை மூன்று தரம் கேட்க வேண்டியிருந்தது. அங்கே மழை. எங்கள் வண்டியில் காற்று கம்ப்ரஸர் பல்சக்கரத்தில் ஓடுகிறது, பிரேக் நிற்கும் என்றார். டைனமோவும் வாட்டர் பம்பும்தான் நின்றுபோகும், எஞ்சின் கொதிக்கும். பிரேக் இருக்கும் என்றபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

புதன்

6203 பேரிங் அங்கேயே கிடைத்துவிட்டது. உள் விட்டம் 17 மில்லி, வெளியே 40, அகலம் 12. எல்லா ஊரிலும் கிடைக்கிற சாமான்தானாம். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்த்தார். சுத்தியல் சத்தம் என் அடுப்படி வரை வந்தது. பழைய பேரிங்கைப் புதியதன் மேல் வைத்து அடிக்கிறாராம். அடி வெளி வளையத்தில்தான் விழ வேண்டும், உள் வளையத்தில் விழுந்தால் குண்டுகள் தடத்தில் பதிந்து புதுசும் கெட்டுவிடும். இத்தனை வருஷத்தில் இதெல்லாம் அவர் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

சாயந்திரம் சத்தம் நின்றது.

வியாழன்

தொல்லை நிற்கவில்லை. சத்தம் நின்றதே தவிர, பெல்ட் ஓரமாக நகர்ந்து ஓரத்து நூல் பிரிகிறதாம். டென்ஷனர் கையைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. உள்ளே புஷ் தேய்ந்து புல்லி சாய்ந்து நிற்கிறது, பேரிங் மாற்றினாலும் அது நேராகாது. முழு டென்ஷனரே வேண்டும். அங்கே இருப்பது டூப்ளிகேட். லோடு எங்கே என்று சேட்டு இரண்டு தரம் போன் செய்துவிட்டார்.

வெள்ளி

சங்ககிரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் இன்றுதான் நுழைந்தேன். வண்டி வாங்கியதிலிருந்து இந்தக் கடைக்குப் போன பணத்தையெல்லாம் நோட்டில் எழுதியவள் நான். "வண்டிக்காரரு வர்லீங்களா?" என்றார் கடைக்காரர். "வண்டியும் அவரும் ஒரே எடத்துல நிக்கறாங்க" என்றேன். பக்கத்தில் நின்றவர் சிரித்தார்.

அவர் அனுப்பிய போட்டோவில் இருந்த நம்பரைப் பார்த்து, கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். நான் புல்லியைச் சுற்றிவிட்டேன். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. எனக்குப் பக்கென்றது. யாரோ கழற்றிப் போட்டிருந்த பழைய டென்ஷனரை எடுத்து அதையும் சுற்றச் சொன்னார். சரசரவென்று நிற்காமல் சுற்றியது. "எது நல்லது, சொல்லுங்க?" பழையதைக் காட்டினேன். "புதுசுல கிரீஸ் புடிச்சு நிறுத்துதுங்க. பழசுல கிரீஸ் காஞ்சுபோச்சு, அதான் இந்தப் பறப்புப் பறக்குது." கூடவே எட்டு வரி பெல்ட் ஒன்றும் வாங்கினேன். சீட்டுக்கு வைத்திருந்த பணம் போய்விட்டது. அடுத்த வாரம் டியூ வேறு.

பக்கத்து வீதி வண்டி ராத்திரியே டெல்லிக்குக் கிளம்பியது. டிரைவர் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

சனி

கிரைண்டரில் ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்டேன். அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

திங்கள்

நேற்று முழுக்கப் போன் இல்லை. கெட்டதாகவே நினைத்துக் கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் கிளீனர் வைத்து யார் ஓட்டுகிறார்கள்? ஸ்பிரிங்கை எதிர்த்து ஒருவர் கம்பியால் நெம்பிப் பிடிக்க, இன்னொருவர் பெல்ட்டை ஏற்ற வேண்டும் என்று வேறு சொல்லியிருந்தார். கை சிக்கிக்கொண்டால்? காலையில் பேசினார். அந்தத் தம்பியே கூட இருந்து மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனதாம். பெல்ட் நேராக ஓடுகிறது. பெண்கங்கா ஆற்றைத் தாண்டிவிட்டார்.

"ஆனா சத்தம் போவல கண்ணு. வண்டிய நிறுத்துனாலும் கேக்குது." எந்தக் காதில் என்றேன். ஜன்னல் பக்கம் என்றார். எத்தனை நாளாக? கேட்டதற்குப் பதில் வரவில்லை. என்ன கேட்டேன் என்றும் அவர் கேட்கவில்லை.

புதன்

நாக்பூரில் இறக்கியாச்சு. இங்கே திரும்புவதற்குத் துவரம்பருப்பு லோடு பேசிக்கொண்டிருக்கிறார், அமையவில்லை. காது டாக்டரைப் பற்றி ஆரம்பித்தேன், மைலேஜ் பற்றிப் பேசினார். பழைய டென்ஷனரைத் தூக்கிப் போடாமல் கேபினுக்குள் வைத்திருக்கிறாராம். "ஸ்பிரிங்கு நல்லாத்தான் இருக்குது." பரணில் ஏற்கெனவே இடமில்லை என்று சொன்னேன்.