ஹிரோசிமாவில் அக்காவும் நானும்

கட்டுநாயக்காவில் விமானம் ஏறும்வரை அக்காவுக்கு வீட்டில் விட்டுவந்த இரண்டு ஆடுகளின் யோசனைதான். அக்கா என்றால் என் கூடப்பிறந்தவர் அல்லர். எங்கள் மாதர் சங்கத்தில் நீண்டகாலமாக என்னோடு வேலை செய்பவர். 1990 இல் கணவரை ஷெல்லுக்குக் கொடுத்தவர். 2009 இல் மூத்த மகன் காணாமற் போனான். இன்றுவரை தகவல் இல்லை.

சிறுதொழில் பயிற்சி ஒன்றுக்காக எங்கள் இருவரையும் ஜப்பானுக்கு அழைத்திருந்தார்கள். பயிற்சி தொடங்க முன்னர் ஹிரோசிமாவில் மூன்று நாட்கள் கிடைத்தன. அந்த நாட்களைப் பற்றி என் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

டோக்கியோவிலிருந்து கடுகதி ரயிலில் சுமார் நான்கு மணித்தியாலப் பயணம். குண்டு விழுந்த ஊர்தானே, இடிந்த சுவரும் வெறும் வெளியுமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனோம். நாங்கள் கண்டதோ ஆறு ஆறுகள் ஓடுகின்ற, மரங்கள் அடர்ந்த ஒரு நகரம். ஏறக்குறைய 12 இலட்சம் பேர் வாழ்கிறார்கள். "இங்கயோ குண்டு போட்டவங்கள்?" என்று அக்கா இரண்டு தரம் கேட்டார்.

முதல் நாள் ட்ராம் வண்டியில் ஊர் பார்க்கக் கிளம்பினோம். ஏறும்போதே காசை நீட்டிக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்துச் சாரதி சிரித்தார். இறங்கும்போதுதான் பெட்டிக்குள் போட வேண்டுமாம். எங்களுக்கு மொழிபெயர்க்க வந்த மாணவி அந்த ட்ராமின் கதையைச் சொன்னாள். ஆண்கள் போருக்குப் போனதால் 1943 இல் ட்ராம் கம்பனி பெண்பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் பாதி நேரம் படித்து, பாதி நேரம் ட்ராமில் ரிக்கற் கொடுத்தார்கள், வண்டியும் ஓட்டினார்கள். 1945 ஓகஸ்ட் 6 ஆம் திகதி காலை 8.15 க்குக் குண்டு விழுந்தது. மூன்றே நாளில், 9 ஆம் திகதி, ஒரு சிறு தூரத்துக்கு ட்ராம் மீண்டும் ஓடியது. உயிர்தப்பிய மாணவிகளும் அந்த வேலையில் நின்றார்கள். குண்டுக்குத் தப்பிய 651, 652 ஆம் இலக்க வண்டிகள் திருத்தப்பட்டு, இன்றும் அந்த வீதிகளில் ஓடுகின்றன.

இரண்டாம் நாள் சமாதானப் பூங்காவுக்குப் போனோம். ஆற்றங்கரையில் கூரையின் இரும்புக் கம்பிகள் மட்டும் மிஞ்சிய ஒரு கட்டடம் நிற்கிறது. 1915 இல் கட்டிய கண்காட்சி மண்டபம் அது. இடித்துவிடுவோம் என்று சிலரும், இருக்கட்டும் என்று சிலரும் வாதாடி, கடைசியில் அப்படியே வைத்துக் காத்தார்கள். 1996 இல் உலக மரபுரிமைச் சின்னமானது.

அரும்பொருட் காட்சியகத்தில் ஒரு பாடசாலைப் பையனின் சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. உள்ளே சோறு கரியாகிக் கிடக்கிறது. தேடிப்போன தாய் மகனுடைய உடலை அந்தப் பெட்டியோடுதான் கண்டெடுத்தாராம். அதைப் பார்த்ததும் அக்கா ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். நானும் பின்னால் போனேன்.

பூங்காவின் ஒரு பக்கத்தில், புல் மூடிய வட்டமான மண்மேடு ஒன்றின் முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார். அது என்னவென்று மாணவியிடம் கேட்டோம். யாரென்று அடையாளம் தெரியாத, உரிமை கோர ஒருவரும் வராத சுமார் 70,000 பேரின் சாம்பல் அதற்குள் இருக்கிறது. அவர்களில் சிலருடைய பெயர் மட்டும் தெரியும், உறவினர் தெரியாது. அந்தப் பெயர்களை ஒவ்வொரு வருடமும் வெளியிட்டு, இவ்வளவு காலம் கழிந்தும் நகரசபை உறவினரைத் தேடிக்கொண்டிருக்கிறது.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "எண்பது வருசமாகியும் தேடுகினம், பார்த்தியே" என்றார். பிறகு வெகுநேரம் அந்த வாங்கிலேயே இருந்தோம்.

மாலையில் மாணவி எங்களைச் சாப்பிடக் கூட்டிப்போனாள். சிறிய கடை. மேசையே ஒரு பெரிய இரும்புத் தோசைக்கல். கோதுமை மாவைக் கரைத்து மெல்லிசாக ஊற்றி, அதன்மேல் கோவாவைக் குவித்து, நூடில்ஸ், முட்டை என்று அடுக்கி, இரண்டு தட்டகப்பையால் ஒரே பிரட்டாகப் பிரட்டுகிறார்கள். 'ஒக்கொனோமியாக்கி' என்று பெயர். பன்றியிறைச்சி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

இதற்கும் ஒரு கதை உண்டு. போருக்குப் பின் அரிசி இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மா இருந்தது. கணவரை இழந்த பல பெண்கள் வீட்டின் வீதிப்பக்கத்தைத் திறந்து, ஓர் இரும்புத் தகட்டைச் சூடாக்கி, அந்த மாவில் சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்தக் கடைகள் பலவற்றின் பெயரில் 'சான்' என்று முடியும் பெண்ணின் செல்லப்பெயர் இருக்கிறது. பிரிந்துபோன உறவுகள் பெயரைப் பார்த்துத் தேடி வரட்டும் என்று அப்படி வைத்தார்கள் என்றும் சொல்வதுண்டு.

நிவாரண மா என்றதும் அக்கா நிமிர்ந்து இருந்தார். முகாமில் அந்த மாவில் எத்தனை நாள் ரொட்டி சுட்டோம்! தகட்டின் நீளத்தைச் சாணால் அளந்தார். மாவுக்கு எவ்வளவு தண்ணீர், கோவாவை எவ்வளவு மெல்லிசாக அரிய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைக்கார அம்மா சலிக்காமல் காட்டினார். தன் தாய் தொடங்கிய கடை இது என்றும் சொன்னார். மொழி தெரியாத இருவரும் அடுப்படியில் நின்று பேசிக்கொண்டதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

திரும்பி நடக்கையில் அக்கா சொன்னார்: "பேரையும் எழுதி வைச்சிருக்கினம், அடுப்பையும் மூட்டியிருக்கினம். ஒண்டைச் செய்தா மற்றதை மறந்திட்டம் எண்டு ஆகாது, பிள்ளை."

மகனைத் தேடுகிற தாய் கடை போட்டால், "இவ மறந்திட்டா" என்று ஊரில் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தே அக்கா இத்தனை வருடமும் தனக்கென்று ஒரு தொழில் தொடங்கவில்லை. அது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இப்போது எங்கள் சங்க வாசலில் பின்னேரங்களில் ரொட்டிக்கல் சூடாகிறது. கோவா போட்ட ரொட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. எங்கள் பகுதியில் காணாமற் போனவர்களின் பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம் எல்லாவற்றையும் அக்கா அதில் எழுதி வருகிறார். முதலாவது பெயர் அவருடைய மகனுடையது.