ஒரு மான், இரண்டு தோட்டாக்கள்

எல்க் வேட்டைக்கு எந்த ரைஃபிள்? ஐடஹோ மலைகளில் இன்றும் ஓயாத வாதம்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே சால்மன் என்றொரு சிற்றூர். ஊரை ஒட்டி ஓடும் சால்மன் ஆறு, ஆழமான பள்ளத்தாக்குகளைக் கடந்து ஸ்னேக் நதியில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் பிறகு லூயிஸ்டன் நகரைத் தொட்டுச் செல்கிறது. கடலிலிருந்து சுமார் 750 கி.மீ. உள்ளே இருந்தும் துறைமுகம் உள்ள நகரம் அது. இரு ஊர்களையும் இணைப்பது ஆறு மட்டுமல்ல. ஒரு பழைய சண்டையும்கூட.

சண்டைக்குக் காரணம் எல்க் மான். காஷ்மீரின் ஹங்குலுக்கு நெருங்கிய உறவு. வளர்ந்த ஆண் மான் 300 கிலோவைத் தாண்டும். அதைச் சாய்க்க எத்தகைய தோட்டா வேண்டும்?

லூயிஸ்டனில் வாழ்ந்த ஜாக் ஓ'கானர் (1902-78) இதழியல் பேராசிரியராக இருந்து துப்பாக்கி எழுத்தாளரானவர். 1925இல் வந்த .270 வின்செஸ்டர்தான் அவரது செல்லம். சுமார் 8.4 கிராம் குண்டு, விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல் வேகம். குறி சரியாக இருந்தால் இதுவே போதும் என்பது அவர் கட்சி. சால்மனில் வாழ்ந்த எல்மர் கீத் (1899-1984) வேட்டை வழிகாட்டி. அவர் கேட்டது .33 அங்குல விட்டமும் 16 கிராம் எடையும் கொண்ட குண்டு. கோணம் சரியில்லாவிட்டாலும் எலும்பை உடைத்து உள்ளே போகவேண்டும் என்பது அவர் வாதம்.

இருவருக்கும் நடுவே நிற்கிறது .30-06. முதல் எண் அங்குலக் கணக்கில் விட்டம். அடுத்தது அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற 1906ஆம் ஆண்டு. நூறாண்டு கடந்தும் எல்க் வேட்டையில் அதற்கு மவுசு குறையவில்லை.

சட்டம் கேட்பது இதைவிடக் குறைவு. அதே ராக்கி மலைத்தொடரில் உள்ள கொலராடோ மாநிலத்தில் .24 அங்குல விட்டமும் 5.5 கிராம் குண்டும் இருந்தால் எல்க் வேட்டைக்குப் போகலாம். 100 கஜ தூரத்தில் குண்டின் விசை குறிப்பிட்ட அளவுக்குக் குறையக்கூடாது, அவ்வளவே.

சிக்கல் தோளில் இருக்கிறது. 'மேக்னம்' வகைத் தோட்டாக்கள் பலமாக உதைக்கும். உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுவார், கை அசையும். நுரையீரலில் பாயவேண்டிய குண்டு வயிற்றில் பாயும். காயம்பட்ட எல்க் பள்ளத்தாக்கில் இறங்கி, பல மணி நேரம் துடித்துச் சாகும். எனவேதான் அனுபவசாலிகள் சொல்லும் விதி எளியது: கண் சிமிட்டாமல் சுடமுடிகிற அளவுக்குள் பெரியதைத் தேர்ந்தெடு.

ஓ'கானரின் மனைவி எலினோர், உதை குறைந்த 7x57 மௌசரால் பெரிய விலங்குகளை வீழ்த்தினார். பிரிட்டிஷாரிடம் அதன் பெயர் .275 ரிக்பி. ருத்ரபிரயாக் சிறுத்தையை 1926இல் ஜிம் கார்பெட் சுட்டதும் அதே தோட்டாவால்தான்.

ஐடஹோவில் வீழ்த்திய மானின் இறைச்சியை வீணாக்குவது குற்றம். காயத்தோடு தப்பி எங்கோ செத்துக் கிடக்கும் மானின் இறைச்சி யாருக்கும் பயன்படுவதில்லை. கீத்தும் ஓ'கானரும் ஆளுக்கொரு வழியில் தவிர்க்க நினைத்தது அந்தச் சாவைத்தான்.